முடியாது என்று சொல்லும் இங்கிலீஷ்

"இத்தன வயசுக்கு மேல இங்கிலீஷு படிச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று என்னைக் கேட்காதவர்கள் கரடியூரில் ஒருவரும் இல்லை. முதலில் கேட்டவர், எங்கள் பெண்கள் குழுவின் காப்பிக்கொட்டையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சேலத்து வியாபாரி. அவருக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்! வெளிநாட்டுக்காரரோடு போனில் வெகுநேரம் பேசுவார். எங்களிடம் திரும்பி, "வெல இவ்வளவுதானாமுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மீதிப் பேச்செல்லாம் எங்கே போனது என்று எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் காப்பியை எங்கள் வாயால் விற்றால் என்ன?

அதற்காகத்தான் பஸ் பிடித்து மலையிறங்கி, அடிவாரம் தாண்டிப் போய், சேலத்தில் ஏற்றுமதிக்காரர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததெல்லாம் என் மகள் வயசுப் பிள்ளைகள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. ஷிப்மென்ட், சாம்பிள், பேமென்ட் எல்லாம் நாக்கில் ஏறிவிட்டன.

முதல் வீடியோ காலில் நானே பேசினேன். வெளியூர்க் கொட்டையையும் கலந்து, பாக்கெட்டில் எங்கள் ஊர் பெயரைப் போட்டு விற்கலாமா என்று கேட்டார் அந்த வெளிநாட்டுக்காரர். எங்கள் பக்கம் யாரையும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டோம். பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட, பிடிக்கவில்லை என்றால் "பாக்கலாமுங்க" என்போம். அவர்களும் புரிந்துகொண்டு மறுபடி வர மாட்டார்கள். அதே மரியாதையோடு, "வீ வில் ஸீ, சார்" என்று சிரித்து வைத்தேன். மறுநாளே ஊர் பெயர் போட்ட லேபிளை அச்சுக்குத் தயாராக அனுப்பிவிட்டார்!

வியாபாரிக்குக் கொண்டாட்டம். "ஏனுங்க, இதுக்குத்தான் சொன்னேன். ஒத்துக்கிட்டாச்சு, இனி நான் பேசிக்கறேனுங்க" என்றார். அவரே பேசட்டும் என்று குழுவிலும் முணுமுணுப்பு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கலப்படத்துக்கு நானே சம்மதம் சொன்னதாக ஆகிவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

அடுத்த காலுக்குக் குழுப் பெண்கள் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்தேன். வியாபாரியும் வந்திருந்தார்.

"நோ, சார். நோ மிக்ஸிங். கரடியூர் காஃபி ஒன்லி."

ஒரு மனிதரை அப்படி முகத்தில் அடித்தாற்போல் மறுத்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

வெளிநாட்டுக்காரர் முகம் சுருங்கியது. நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். வியாபாரி நாற்காலியை முன்னால் இழுத்தார். நான் நகரவில்லை.

"ஐ ஸ்பீக் இங்கிலீஷ், சார். தட்ஸ் ஒய் ஐ ஸே நோ."

அந்த ஆர்டர் போயே போய்விட்டது. வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வியாபாரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிய பின், குழுவிலேயே ரொம்ப முணுமுணுத்த பெண் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

"போனாப் போகுதுங்க அக்கா. அடுத்த ஆளுக்குப் போனப் போடுங்க. நீங்களே பேசுங்க."