அரண்மனைக்கு அக்கா எழுதிய பதில்

நோர்பரியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலுக்கு வருகிறவர்களின் கவுன்சில் கடிதங்களையும் அரசாங்க உதவிப்பணத்துக்கான பெனிபிட் படிவங்களையும் வாசித்து விளங்கப்படுத்துவது என் வேலை. யாரும் தந்த வேலையில்லை. கடிதத்தோடு கதையும் வரும் என்ற ஆசையில் நானாக எடுத்துக்கொண்டது.

மூன்று வீடு தள்ளியிருந்த, மன்னாரிலிருந்து வந்ததால் எல்லோருக்கும் மன்னார் அக்காவான அவர் மட்டும் ஒரு கடிதமும் கொண்டு வந்ததில்லை. பிரித்தானிய மன்னரின் அரண்மனைத் துணி அறையில் அவருக்கு வேலை. விருந்து மேசைக்கு விரிக்கும் துணிகளை இருபது வருடமாக அயன் பண்ணி வருகிறவர். நடுமடிப்பு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல ஓட வேண்டும். ஒருநாள் கொஞ்சம் கோணிவிட்டதாம். முழுத் துணியையும் திரும்ப நனைத்து, முதலிலிருந்து அயன் பண்ணினாராம்.

“எந்த நாட்டு ராசா எண்டாலும் எனக்குச் சாப்பிட வாற ஆள்தான், தம்பி. சாப்பிட வாறவருக்குக் கசங்கின துணி விரிக்கலாமோ?” என்பார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னை மதிலோரம் கூட்டிப்போய்க் கைப்பையிலிருந்து தடித்த உறையொன்றை எடுத்து நீட்டினார். தமக்கு நேரில் சேவை செய்தவர்களை மன்னர் தாமே தெரிந்தெடுத்துக் கொடுக்கும் பதக்கம் ஒன்று உண்டு. அரசாங்கம் சிபாரிசு செய்து வருவதல்ல. அதை ஏற்றுக்கொள்வீர்களா என்று அக்காவைக் கேட்டிருந்தார்கள்.

“ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு போட்டுக் கிடக்கு. வீட்டில என்ரை மனிசனுக்கே சொல்லேல்லை.”

“அப்ப எனக்கு?”

“நீ கடிதம் வாசிக்கிறவன். உன்னை ஆள் கணக்கில சேர்க்கேலாது.”

“சரி, என்ன பதில் போட்டனீங்கள்?”

“வேண்டாமெண்டு. என்னை விட நல்லா வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம் எண்டு மரியாதையா எழுதினன். இனித் திருப்பிக் கேப்பினம்தானே? எத்தினை நாள் எடுக்கும் எண்டு கேக்கத்தான் உன்னட்டை வந்தனான்.”

எங்கள் வீடுகளில் தேத்தண்ணியைக்கூட முதல் கேள்வியில் வாங்க மாட்டோம். வேண்டாம் என்போம், வீட்டுக்காரர் விடாமல் கேட்பார், பிறகுதான் கோப்பையில் கை வைப்பது. அக்கா அரண்மனையிடமும் அப்படியே நடந்திருக்கிறார்.

“அக்கா, இவங்கள் ஒருக்காத்தான் கேப்பாங்கள். வேண்டாமெண்டால் அதோட சரி.”

“ஒருக்காவோ?” அவர் முகம் வாடிப்போனது. என் கையிலிருந்த உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, “எனக்கு அது வேணும், தம்பி. அந்த மடிப்பை ஒருத்தரும் பாக்கிறேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். பாத்திருக்கினம்,” என்றார்.

மறுநாள் காலை எங்கள் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து, கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு ஸ்பீக்கரில் போட்டு அழைத்தோம். நான் பேசுகிறேன் என்றேன்.

“வேண்டாம். பிழை விட்டது நான். நானே கேக்கிறன்.”

தன் உடைந்த ஆங்கிலத்தில் அக்கா சொன்னார்: “இல்லை என்று எழுதினேன். அது தவறு. எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்: கடிதம் வந்திருக்கிறது, இன்னும் மேலே போகவில்லை, மனதை மாற்றியது நிச்சயம்தானா?

“உங்களுக்குச் சிரமமென்றால்...” என்று அக்கா தொடங்கிவிட்டார். நான் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிச்சயம், மேடம்.”

போனை வைத்ததும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். “வெக்கங்கெட்டுக் கேட்டுப்போட்டன்!” எத்தனையோ பேருக்காக எத்தனையோ அலுவலகங்களுக்கு நான் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். அந்த ‘நிச்சயம்’ என்ற ஒரு வார்த்தைக்கு அக்காவுக்குத் தேவைப்பட்ட துணிச்சல் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

சில மாதங்கள் கழித்து அக்கா பதக்கத்தை மன்னர் கையாலேயே வாங்கினார்.

“என்ன கதைச்சவர்?” என்று கேட்டேன்.

“எத்தினை வருசமா வேலை செய்யிறீங்கள் எண்டு கேட்டார். சொன்னன்.”

“நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?”

“நான் என்னத்தைக் கேக்கிறது? எனக்கு வேண்டியதைத்தான் போனிலயே கேட்டுப்போட்டனே.”