இரண்டு கையும் ஸ்டியரிங்கில்

லெமுவல் ஸ்ட்ரோடர் என்னை இரண்டு தடவை சுட்டுக் கொன்றிருக்கிறார். ஒரே சனிக்கிழமையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

மிச்சிகனில் எங்கள் புரூயிட் ஃபால்ஸ் ஊரில், துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். எங்கள் கறுப்பு ஜனங்கள் அதற்கு லெம் அண்ணனிடம்தான் போவார்கள். சுடக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுடப்படாமல் வீடு வந்து சேரக் கற்றுக்கொடுக்க அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

சர்ச்சின் பின்னறையில் நாலு நாற்காலியைக் கார் மாதிரிப் போட்டிருப்பார். முன்னால் ஏதோ பழைய வண்டியில் கழற்றிய நிஜ ஸ்டியரிங். நம் இடுப்பில் ஒரு நீல பிளாஸ்டிக் துப்பாக்கியைச் செருகிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போலீஸ்காரர் ஆகிவிடுவார். அவர் கையில் பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கி, அதில் பீட்ரூட் சாறு. தப்புச் செய்தால் நெஞ்சில் பீய்ச்சுவார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வராதே என்று எனக்கு ஒரு பயலும் சொல்லவில்லை.

"எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா?" என்றார். அந்தக் குரலே வேறு. முப்பது வருஷமாக கார்த் தொழிற்சாலை பிரஸ் ஷாப்பில் என் பக்கத்து மிஷினில் தகடு அடித்த மனுஷன் குரல் இல்லை அது.

"தெரியல ஆபீசர். எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. துப்பாக்கி இதோ, இங்க..." என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

சட்டை முழுக்கச் சிவப்பு.

"செத்துட்ட ரோஸ்கோ. எந்திரி."

"காட்டத்தானே அண்ணே செஞ்சேன்!"

"காட்டத்தான். நாளைக்கு உன் பொண்டாட்டி கோர்ட்ல போய் அதைச் சொல்லட்டும். வாய் எதுக்குடா இருக்கு உனக்கு, பன்றி வறுவல் திங்கவா? வாயால சொல்லு. விரலால சொன்னா விரல் போற இடத்தைத்தான் அவன் பார்ப்பான்."

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. துப்பாக்கி என்ற சொல்லை முதலில் எடுக்காமல், லைசென்ஸ் இருக்கிறது, இன்று உடம்பில் வைத்திருக்கிறேன், என்ன செய்யணும் சொல்லுங்க என்று அழகாகச் சொன்னேன். "சரி, டிரைவிங் லைசென்ஸை எடு" என்றார். பின் பாக்கெட்டில் கையை விட்டேன். மறுபடி பீட்ரூட்.

"நீங்கதானே எடுன்னு சொன்னீங்க!" எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"சொன்னேன். எங்க இருக்குன்னு நீ சொன்னியா? எடுக்கட்டுமான்னு கேட்டியா? சரின்னு நான் சொன்னேனா? சொல்லு, கேளு, சரின்னு வந்தப்புறம் அசை. அவன் சரின்னு சொல்ற வரைக்கும் நீ செதுக்கி வெச்ச கல்லு. பர்ஸைப் பின் பாக்கெட்ல வைக்காதே. வண்டி நிக்கும்போதே எடுத்து கண்ணாடி ஓரமா போட்டுடு."

அறை முழுக்கச் சிரிப்பு. லெம் அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி கார்வின் அப்படித்தான் செத்தான் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

கார்வினை வழியில் நிறுத்திய போலீஸ்காரன் லைசென்ஸைக் கேட்டான். கார்வின் பின் பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோனான். நாலு குண்டு. பிணவறையில் அடையாளம் காட்டப் போனவர் லெம் அண்ணன். முகத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று, மற்ற இரண்டும் கையைத் துளைத்துக்கொண்டு வயிற்றில். லைசென்ஸ் அட்டை விரல்களில் ரத்தத்தோடு ஒட்டிப்போயிருந்ததாம். பிரித்து எடுக்க முடியவில்லையாம். வழக்கு நடந்தது, போலீஸ்காரன் பயந்துவிட்டான் என்றார்கள், விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் லெம் அண்ணன் துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டு அந்தப் போலீஸ்காரன் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தினார். அவன் வெளியே வந்தால் சுட்டுவிடுவது என்று முடிவு. இதை அவரே எனக்குச் சொன்னார். பத்து மணிக்கு அவருடைய மனைவி அர்னெட்டா இன்னொரு காரில் வந்து இறங்கி, கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு லெம் அண்ணன் வண்டியைக் கிளப்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு அடுத்த மாதம்தான் வகுப்பு ஆரம்பித்தது.

அர்னெட்டா அண்ணி முதியோர் காப்பகத்தில் நர்ஸுக்கு உதவியாள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் பக்கத்து நாற்காலிக்காரியாக அவர்தான் உட்காருவார். இரண்டு கையும் டேஷ்போர்டில், விரல் விரித்து, அசையாமல். பதினாறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் சாகவில்லை. "இவளைப் பார்த்துக் கத்துக்குங்கடா" என்பார் லெம் அண்ணன்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, அண்ணியின் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். தனிப் போலீஸ் வைத்திருக்கிற பக்கத்து டவுன்ஷிப்பின் எல்லைக்குள் நுழைந்ததும் பின்னால் விளக்கு சுழன்றது. பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். நடந்ததை அண்ணி சொல்லியும் கேட்டேன், போலீஸ்காரன் சட்டையிலிருந்த கேமராவில் ஊரே பார்த்ததையும் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

ஹோல்கம் என்று ஒரு பையன் போலீஸ், இருபத்து நாலு வயசு. கூட ஒரு பெண் போலீஸ், அவள் அண்ணி பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். எஞ்சின் நின்றிருக்கிறது. கண்ணாடி இறங்கியிருக்கிறது. பர்ஸ் டேஷ்போர்டில். லெம் அண்ணன் கை இரண்டும் ஸ்டியரிங்கின் உச்சியில். பாடப் புத்தகத்தில் படம் போடலாம்.

"வணக்கம் ஆபீசர். எனக்கு மறைச்சு வெச்சுக்கிற லைசென்ஸ் இருக்கு. இப்ப உடம்புல இருக்கு, இடது இடுப்புல. நான் இடது கைக்காரன். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

பையன் முகம் மாறியது. "அசையாதே. நானே எடுத்துக்கிறேன்."

"சரி ஆபீசர். ஒண்ணே ஒண்ணு. உறையோட எடுங்க. பெல்ட்ல கிளிப் இருக்கு, தூக்கினா உறையோட வந்துடும். தனியா உருவாதீங்க, குண்டு ஏத்தியிருக்கு."

"எனக்கே சொல்லித்தர்றியா? வாயை மூடு."

ஓட்டுகிறவர் பக்கத்து இடது கதவைத் திறந்து குனிந்தான். மடிமேல் கிடந்த சீட் பெல்ட் துப்பாக்கிப் பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. இழுத்தான், வரவில்லை. வெடுக்கென்று இழுத்தான். உறையிலிருந்து வெளியே வரும்போதே அவன் விரல் விசைக்குள் போய்விட்டது.

குண்டு லெம் அண்ணனின் இடது தொடைக்குள் இறங்கியது. பையன் பின்பக்கமாகத் தடுமாறி ரோட்டில் விழுந்தான், துப்பாக்கி அவன் கையிலேயே இருந்தது. மறுபக்கம் நின்றவளுக்குத் தெரிந்தது வெடிச்சத்தமும் கூட்டாளி விழுந்ததும் மட்டும்தான். அவளுடைய துப்பாக்கி ஜன்னல் வழியாக அண்ணியின் காதருகே வந்து நின்றது.

"கையைக் காட்டு! அசையாதே! ரெண்டு பேரும் அசையாதீங்க! சுட்டுடுவேன்!"

தொடையில் குண்டு பட்டவன் என்ன செய்வான்? நீங்களும் நானும் இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு கத்துவோம். பிடித்திருந்தால் அந்த நொடியே அவள் சுட்டிருப்பாள். லெம் அண்ணன் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்த சத்தம் கேட்கிறது, ஸ்டியரிங்கிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. ரத்தம் சர்ச் பேண்ட்டை நனைத்துக்கொண்டு விட்டு விட்டுத் தெறிக்கிறது, ஸ்டியரிங் அடியில், கதவில், அண்ணியின் வெள்ளைக் கவுனில்.

"அர்னெட்டா, அசையாதே," என்றார். "கல்லு மாதிரி இரு."

அண்ணிக்கு அந்த ரத்தம் என்னவென்று தெரியும். ஒழுகுகிற ரத்தம் காத்திருக்கும். தெறிக்கிற ரத்தம் காத்திருக்காது.

"ஆபீசர்," என்று சத்தமாகச் சொன்னார். "என் புருஷன் காலை நான் அழுத்தணும். என் கையில எதுவும் இல்ல. அழுத்தட்டுமா?"

"அசையாதே!"

"பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. அழுத்தலைன்னா செத்துடுவார். அழுத்தட்டுமா?"

"கையை அங்கேயே வை! வெச்சிரு!"

ரோட்டில் கிடந்த பையன் வாயைத் திறந்திருந்தால் போதும். நான்தான் சுட்டேன், இவர் சுடவில்லை என்று சொல்ல நாலு நொடி ஆகும். அவன் கையிலிருந்த துப்பாக்கியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கேமராவில் அவன் மூச்சு மட்டும் இரைகிறது. அவனை நான் மன்னிக்கவில்லை. சர்ச்சில் மன்னிக்கச் சொல்கிறார்கள், நானும் ஆமென் சொல்கிறேன், மன்னிக்கவில்லை.

லெம் அண்ணனின் தலை தொங்க ஆரம்பித்தது. கை ஸ்டியரிங்கில்தான்.

"ஆபீசர், மூணாவது தடவையா கேக்கறேன்..."

"பேசாதே! அசைஞ்சா சுடுவேன்!"

அண்ணி கையை எடுத்தார். சீட் பெல்ட் கழன்ற சத்தம் கேமராவில் நன்றாகக் கேட்கிறது. துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்படியே அண்ணன் மடிமேல் விழுந்து, இரண்டு முஷ்டியையும் தொடை இடுக்கில் வைத்து உடம்புக் கனத்தோடு அழுத்தினார்.

லெம் அண்ணன் கத்தினார். வலியில் இல்லை. "கையை எடு! டேஷ்போர்டுல வை! அவ சுட்டுடுவா! அர்னெட்டா, கையை எடுடி!"

"எடுக்க மாட்டேன்."

"வெளியே வா! வெளியே வா!" என்று பெண் போலீஸ் கத்துகிறாள். விரல் விசையில் இருக்கிறது. ஏன் சுடவில்லை என்று பிறகு விசாரணையில் கேட்டபோது, தெரியவில்லை என்றாள். அந்த ஒன்றை நான் நம்புகிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரோட்டிலிருந்து பையன் குரல் வந்தது. "நான்... நான்தான். எங்கிட்டதான் வெடிச்சுது." குண்டு வெடித்ததிலிருந்து அதுவரை ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. ஆம்புலன்ஸ் வர இன்னும் ஒன்பது நிமிஷம். அந்த முஷ்டியை அண்ணி அதுவரை எடுக்கவில்லை.

முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அப்போதுதான் நன்றாகக் கண் திறந்திருந்தார். அண்ணி சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கட்டும் வீங்கிக் கிடந்தன. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, அண்ணியைப் பார்த்து அண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கையை ஏன் எடுத்தே?"

"என்னது?"

"டேஷ்போர்டுல இருந்து. அவ சொல்லச் சொல்ல எடுத்தே. உன் முதுகுல நாலு குண்டு இறங்கியிருக்கும். நான் ரெண்டாவது தடவை பிணவறைக்குப் போய் நின்னிருக்கணும். பதினாறு வருஷம் என்னடி கத்துக்கிட்ட எங்கிட்ட?"

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அண்ணி சூப்புக் கிண்ணத்தை வைத்தார்.

"எல்லாம் கத்துக்கிட்டேன் லெம். சொல்லச் சொன்னே, சொன்னேன். கேக்கச் சொன்னே, மூணு தடவை கேட்டேன். சரின்னு யாரும் சொல்லல. நீ ஒரு தப்பும் பண்ணாம, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வெச்சுக்கிட்டு, என் கண்ணு முன்னாடி செத்துக்கிட்டிருந்தே. உன் பாடத்தை நான் மதிக்கறேன். உன்னைப் புதைச்சிட்டு மதிக்க முடியாது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. கார்வின் சவப்பெட்டியை இறக்கும்போதுகூட அழாத மனுஷன். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய கையை அவர் முதுகில் வைத்தார்.

"ரோஸ்கோ," என்றார் அண்ணன், திரும்பாமலே. "எத்தனை பேரு இருப்பாங்க, எங்கிட்ட படிச்சவங்க?"

"ஆயிரத்தைத் தாண்டும் அண்ணே."

"சரின்னு யாருமே சொல்லலைன்னா என்ன செய்யணும்னு ஒருத்தருக்கும் நான் சொல்லிக் கொடுக்கலையேடா. இப்பக் கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் என் துப்பாக்கி கீழே காரில் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போக நாற்பது நிமிஷம், அந்த டவுன்ஷிப் வழியாகத்தான் போயாக வேண்டும்.