பொட்டுக்கு அடியில்

பித்தளைக்குக் கைராசி தெரியுமா? படித்தவர்தானே நீங்கள், சொல்லுங்கள். பிரகாசம் தினமும் காலையில் இதைத் தன் ஆள்காட்டி விரலால் கேட்கிறார். விரலை நாக்கில் தொட்டு, பிரஸ்ஸின் மேல்தட்டில் வட்டமாக ஒரு சுற்றுத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். சுத்தம். அதற்குப் பிறகுதான் டையைத் திருகி மாட்டுகிறார்.

ஆவடியைத் தாண்டி, உரிமம் பெற்ற ரைபிள் சங்கம் ஒன்றில் அவருக்கு வேலை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிவிடும். அதைப் பிரஸ்ஸில் மாட்டிய டை என்னும் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி மருந்து போட்டுப் பயன்படுத்தலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருடம் லேத் ஓட்டிய கை அவருடையது. எதையும் அளக்காமல் நம்பமாட்டார். “சப்பாத்திக்கும் காலிப்பர் வெக்கிற மனுஷன்” என்று அண்ணனூர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் மனைவி ஹில்டா.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை அளக்கவில்லை.

போன ஆயுத பூஜைக்கு டையைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தார்கள். செயலாளர் சம்பத் பிரஸ்ஸின் தலையில், டை உட்காரும் துளையைச் சுற்றி, தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மறுநாள் டையை மாட்ட வந்த பிரகாசம் துணியை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். “நானே சர்ச்சுக்குப் போறவன். பொட்ட அழிச்சேன்னு வெச்சுக்க, சார் வேற மாரி நெனச்சிக்குவாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காய்ந்த சந்தனத்தின் மேலேயே டையை இறக்கி, டையிலும் அதைப் பிடித்து நிறுத்தும் வளையத்திலும் சேர்த்துத் தான் போட்டிருந்த கோட்டைச் சரிபார்த்து முடுக்கினார். கோடு சரியாகத்தான் நின்றது.

அன்றுதான் நாகவல்லி வேலைக்குச் சேர்ந்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவார். கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கூடுகளுக்கு விரல் நுனியால் எண்ணெய் பூசிக் கொடுப்பது அவர் வேலை. அடிப்பக்கம் கீறல் விட்ட கூட்டைக் கண்ணால் பார்க்காமலேயே தடவி ஒதுக்கிவிடுவார். “உன் வெரல்லயே காலிப்பர் கீது தங்கச்சி” என்பார் பிரகாசம். “அப்போ சம்பளமும் ரெண்டாளு சம்பளமா குடுக்கச் சொல்லுண்ணா!”

அந்த மாதக் கடைசியில் போட்டி. சுடுதளத்தில் ஒருவருக்கும் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் மூடவில்லை. தோட்டா கடைசிவரை போகாமல் முட்டிக்கொண்டு நின்றது. இருபத்து மூன்று பேர் கூடி நிற்க, சம்பத் குரலை உயர்த்தினார்.

“இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா? அந்தம்மா கை பட்டதுலேர்ந்துதானே? தாலியறுத்து வந்த கை. சிலருக்குக் கைராசி கிடையாதுய்யா. இன்னா பிரகாசம், நீ சொல்லு.”

நாகவல்லி பிரகாசத்தைத்தான் பார்த்தார். பிரகாசம் தன் செருப்பைப் பார்த்தார். “எண்ணெ கொஞ்சம் கம்மியா பூசிக்கீதோ இன்னாவோ சார்...”

அவ்வளவு போதுமானதாக இருந்தது. நாகவல்லி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தார்.

அவர் போய் மூன்று வாரம் ஆகியும் கூடுகள் முட்டிக்கொண்டுதான் நின்றன. ராசியில்லாத கை போன பிறகும் ராசி திரும்பவில்லை. அப்போதுதான் பிரகாசம், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். டையில் அழுத்தி எடுத்த ஒரு வெறுங்கூட்டில் மார்க்கரால் கறுப்பு மை பூசி ரைபிளுக்குள் தள்ளி எடுத்தார். கூடு குறுகத் தொடங்கும் தோள்பகுதியில் மட்டும் மை உரசி மினுங்கியது. அப்படியானால் டை அங்கே போதிய அளவு இறங்கி அழுத்தவில்லை. வளையத்தைக் கழற்றினார். அடியில் மஞ்சளாகக் காகிதக் கனத்தில் ஒரு படிவு, நடுவே சிவப்புத் தீற்றல். டையை மேலே தூக்கிப் பிடித்திருந்தது அதுதான். ராசி பார்த்தவரின் கையே அப்பிய சந்தனம்!

சுரண்டி எடுத்துச் சம்பத்திடம் காட்டினார். “சரி விடுய்யா, முடிஞ்சுபோன கதை” என்றார் அவர். யாருக்கு முடிந்தது?

இரவெல்லாம் புரண்டவரிடம் ஹில்டா சொன்னார்: “ஞாயித்துக்கெழம எல்லாரோடயும் சேந்து பாவ அறிக்கை முணுமுணுத்தா ஆச்சா? வேப்பம்பட்டுக்கு ட்ரெயின் ஓடுதில்ல?”

போனார். நாகவல்லி வாசலில் நிற்க வைத்தே பேசினார். “தெருவுல ஒரு சீமந்தத்துக்குக்கூட என்னியக் கூப்புடல. அங்க சொன்ன பேச்சு எனக்கு முன்னாடி ரயிலேறி இங்க வந்துட்ச்சிண்ணா. வேலையெல்லாம் வாணாம். எத்தினி பேரு முன்னாடி சொன்னாங்களோ, அத்தினி பேரு முன்னாடி சொல்லு.”

அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார். மாலைக்குள் சம்பத் கிழித்துவிட்டார். அந்த இருபத்து மூன்று பேரும் இனி ஒரே நாளில் கூடப்போவதில்லை. எனவே ஒவ்வொருவராகப் பிடிக்கிறார் பிரகாசம். பதினாறு பேருக்குச் சொல்லியாயிற்று. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் மணி பார்க்கிறார்கள். “நாந்தான் சார் மாட்டுனேன். அந்தப் பொண்ணு மேல ஒண்ணியும் இல்ல” என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டுகிறார். உள்ளே பஞ்சின் மேல் அந்தச் சந்தனச் செதில்.

உங்களிடமும் நீட்டியிருக்கிறார். வாங்கிப் பாருங்கள். உங்கள் பட்டறையிலோ தெருவிலோ ஒருத்தியின் கையைக் குற்றம் சொல்லும்போது, தயவுசெய்து செருப்பைப் பார்க்காதீர்கள். அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், வாயைத் திறங்கள்.