உள்வாங்கிய கடலும் வளர்ந்த கரையும்

கடலரிப்பில் வீடிழந்துவரும் மீனவக் குப்பம் ஒன்றுக்குத் தடுப்புச்சுவர் ஏன் மறுக்கப்பட்டது என்பது மறைந்துவிடலாகாது. ஆகவே இதனை எழுதுகிறேன்.

அக்குப்பத்தின் கரை குறித்த ஆய்வறிக்கையைத் தமிழாக்க அல்சூர் அலுவலகமொன்றுக்குச் சென்றபோது, அதற்கு வரைபடம் தயாரித்த வல்லுநரைச் சந்தித்தேன். மடிப்புக் கலையாத சட்டை. கணினித்திரையை ஓயாமல் துடைக்கும் வழக்கம். கடல் ஏறியிருந்தபோது எடுத்த பழைய செயற்கைக்கோள் படத்தோடு, கடல் உள்வாங்கியபோது எடுத்த புதிய படத்தை ஒப்பிட்டிருந்தார். தேய்ந்த கரை வளர்ந்ததாகத் தெரிந்தது.

“புதுசுலயும் தண்ணி ஏறின நேரத்துப் படம் இல்லையா?” என்றேன்.

“இருக்கு சார். அதப் போட்டா செவுரு கட்டணுமே! செலவு பண்ண வேண்டியவங்கதான் நம்ம கிளையண்ட். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. டீ சொல்லட்டா?”

திரையில் குப்பத்தைச் சுட்டிய என் விரல்தடத்தையும் துடைத்தார். அருவருப்போடு எழுந்தேன்.

கடலேற்றம் குறித்து நான் பிழைபட எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்துக, அவ்வரைபடத்தையும்.