பத்தரை மணி போன்

மண்ணரைப் பகுதியில் மாரக்காளின் வீட்டுக்கு நாள்தோறும் ஐந்து குழந்தைகள் வருவார்கள். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவள் அவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்கு அவள் பெரீம்மா.

ஆடி மாதம் யாழினி வந்து சேர்ந்தாள். பத்து மாதக் குழந்தை. அவள் அம்மா அனுப்ரியாவுக்கு நல்லூரில் ஒரு கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. அங்கே வேலை நேரத்தில் போனை சூப்பர்வைசரின் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பத்தரை மணிக்கு டீ இடைவேளை வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். கிடைத்ததும் மாரக்காளுக்குத்தான் முதல் அழைப்பு.

அங்கேதான் சிக்கல். அதுவரை கிண்ணமும் கரண்டியுமாக விளையாடிக்கொண்டிருக்கும் யாழினி, போனில் அம்மாவின் குரல் கேட்டதும் தவழ்ந்துபோய் வாசல் கதவைத் தட்டுவாள். மதியம் வரை அழுகை ஓயாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் மாரக்காள்.

"அம்மணி, நீ கூப்புடு. ஆனா பேசாத. நான் போனை எடுத்து சன்னல்ல வெச்சர்றேன். புள்ள வெளையாடற சத்தத்தக் கேட்டுக்க," என்று சாயங்காலம் பிள்ளையை வாங்க வந்த அனுப்ரியாவிடம் சொன்னாள்.

அனுப்ரியாவின் முகம் வாடியது. "சரிங்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. சன்னலில் போன் இருக்கும் பத்து நிமிடமும் மாரக்காளுக்கு வாய் ஓயாது. "ஏங்கண்ணு, காலைல ஒரு இட்லி முழுசா தின்னுபோட்டயா? மூக்கொழுகறது நின்னுபோச்சா?" என்று குழந்தையிடம் கேட்பதுபோல எல்லாவற்றையும் தாய்க்குச் சொல்லிவிடுவாள். அந்தப் பக்கமிருந்து அனுப்ரியாவின் குரல் வராது. இடைவேளைக்கு மெஷின் நின்றுபோன கம்பெனிக் கூடத்தில் யாரோ சிரிப்பது மட்டும் எப்போதாவது கேட்கும்.

புரட்டாசியில் ஒரு நாள், போன் சன்னலில் இருந்தபோது, யாழினி சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறி விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. பயந்துபோய் மாரக்காளை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "ம்மா" என்றாள்.

மாரக்காளுக்கு ஓடிப்போய் போனை அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் பெரீம்மா கண்ணு. உங்கம்மா டீ குடிக்கறா. பொழுதோட வந்துருவா," என்று சன்னலுக்குக் கேட்கும்படி சொன்னாள். திரும்பிப் பார்த்தபோது இணைப்பு போயிருந்தது.

சாயங்காலம் அனுப்ரியா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வழக்கத்தைவிட இறுக்கி அணைத்தாள்.

"காலைல..." என்று இழுத்தாள் மாரக்காள்.

"கேட்டனுங்க்கா."

"புள்ளைக்கு என்ன தெரியும் அம்மணி. விழுந்த பயம்."

"கோவமில்லீங்க. டீ கிளாஸை வெச்சுட்டு பாத்ரூம்ல போயி அழுதுபோட்டேன்." முந்தானையால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள். "உங்களை அப்புடிக் கூப்புட்டதுக்கு இல்லீங்க. அவ விழுந்தப்போ எங்கொரலு அவளுக்குக் கேக்கலயே, அதுக்குத்தான். நாளைக்கு நான் பேசட்டுங்களா? அழுதா அழுவட்டும்."

"பேசு அம்மணி. நான் வேணும்னா மடியில வெச்சுக்கறேன்," என்றாள் மாரக்காள்.

மறுநாள் பத்தரைக்கு யாழினியை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "யாழிக்குட்டி" என்ற குரல் வந்ததுமே பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. கதவைப் பார்த்தாள். கொஞ்சம் அழுதாள். அனுப்ரியா நிறுத்தாமல், பச்சைத் துணி வந்தது, பக்கத்து அக்கா முறுக்கு கொடுத்தது என்று என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். அழுகை மெல்ல விக்கலானது. பிறகு யாழினி தன் கையிலிருந்த பிஸ்கட்டை போனில் வைத்து அழுத்தினாள்.

"உனக்குப் பிஸ்கட் ஊட்டுறா அம்மணி," என்றாள் மாரக்காள்.

அந்தப் பக்கமிருந்து நறுக் நறுக்கென்று கடித்து மெல்லுகிற சத்தம், அனுப்ரியா வாயாலேயே செய்தது, வந்தது. யாழினி போனையே உற்றுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டு இன்னொரு வாய் ஊட்டினாள்.

இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு, போனில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைக்க மாரக்காளுக்கு வெகுநேரம் பிடித்தது.