எந்தப் பக்கம் அடி?

பிள்ளைகளே, கிள்ளானிலிருந்து பஸ் ஏறி லேக் கார்டன் பூங்காவுக்கு வந்து, பாதைக்காக வெட்டிய குன்றின் முன்னால் நிற்கிறேன். மழை கழுவிய படிவுப்பாறை சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரிவரியாகத் தெரிகிறது. அடியில் கிடக்கும் அடுக்குதான் மூத்தது என்று பெரியவளின் பூகோளப் புத்தகம் சொல்கிறது. அது எந்த நிறம் என்று பார்த்து வருவதாக அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்; நாளை வகுப்பில் அவள் பேச வேண்டும். இங்கேயோ அடுக்குகள் படுத்திருக்கவில்லை, அலமாரிப் புத்தகங்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. இடப்பக்கம் அடியா, வலப்பக்கமா?

நிறம் நிறமாக மாவை அடுக்கடுக்காக ஊற்றி அவித்த கூய் லாப்பிஸ் விற்கும் அக்காவிடம் கேட்கிறேன். அவர் ஒரு துண்டைப் பக்கவாட்டில் நிறுத்திக் காட்டுகிறார்.

“இந்த மாதிரியா, அண்ணே?”

“அதேதான். இதுல எது அடி?”

“வெள்ளை. சிவப்பு கடைசியா ஊத்தினது.”

“அப்ப குன்றுலயும் வெள்ளைதானா?”

“ஐயோ அண்ணே, கூய் நான் ஊத்தினது. மலைய நானா ஊத்தினேன்? எனக்கு எப்படித் தெரியும்லா!”

எனக்கும் தெரியவில்லை. உங்களுக்கு ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொள்கிறேன். பெரியவளே, அப்பா பார்த்தார், புரியவில்லை என்றே டீச்சரிடம் சொல். அவர் சொல்வதை எனக்கும் வந்து சொல்.