எழுபதாம் வருஷத்து நாற்காலி

என் நாவல் நடக்கும் வருஷம் 1970. எழுத ஆரம்பித்தபோது அதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற தைரியத்தில் சகட்டுமேனிக்கு எழுதினேன். சேலத்திலிருந்து பஸ்கள் பறந்து வந்து சங்ககிரி மலைக்கோட்டை மேல் இறங்கின. மாடு பூட்டாமல் மின்சாரமே கிணற்றுத் தண்ணீரை இறைத்தது. ராசிபுரத்து நெய் குழாய் வழியாக வீடு வீடாக வந்தது. அந்த நெய்க்குழாயைப் பற்றி எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சேலத்தில் இன்டர்மீடியட் பரீட்சையில் தவறிவிட்டு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி உண்டு. தாசில்தார் வந்தால் உட்காரட்டும் என்று வாங்கியது. தாசில்தார் வரவே இல்லை. பரீட்சையில் தவறியவன் அதில் சாய்ந்துகொண்டு நாவல் எழுதினான்.

எழுதியதைக் கேட்க ஒரு காது வேண்டுமே. அப்பாவிடம் காட்ட முடியாது, கையில் கிடைத்தால் அடுப்பில் போட்டுவிடுவார். அம்மாவுக்கு அடுப்படியை விட்டு வர நேரமில்லை. மிச்சம் இருந்தது எங்கள் பண்ணையாள்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்று ‘அவன்’ என்றும் ‘டா’ என்றும்தான் பேசினேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதையும் காகிதத்தோடு சரி.

காலையில் அவர் கவலை ஓட்டுவார். கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் வேலை. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார். சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு ஏறுவார். இறங்கும்போது உருளை போடும் கூச்சலில் ஒன்றும் கேட்காது. பின்னுக்கு ஏறும்போது கொஞ்சம் அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் நான் பூவரச மரத்தடியிலிருந்து ஒரு வாக்கியம் படிப்பேன். ஒரு சாலுக்கு ஒரு வாக்கியம். நீட்டி எழுதினால் பாதி வாக்கியத்தை உருளை விழுங்கிவிடும் என்பதால் சின்னச் சின்னதாக எழுதப் பழகினேன். என் நடை சுருக்கமாக இருக்கிறது என்று பின்னால் யாராவது பாராட்டியபோதெல்லாம் எனக்கு அந்த மாடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அவர் நல்ல ரசிகர். பறக்கும் பஸ்ஸில் ஆடு ஏற்ற விடுவார்களா என்று கேட்டார். நெய்க்குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, வடத்தின் மேல் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நாள் கதாநாயகன் ஊர் திரும்பும் கட்டத்தைப் படித்தேன். பஸ் ஆகாயத்திலிருந்து எங்கள் தோட்டத்தில் இறங்குகிறது. சத்தம் கேட்டுப் பண்ணையாள் ஓடி வந்து, வேலிக்கு வெளியே நின்று, “சாமி, வந்துட்டீங்களா?” என்று கும்பிடுகிறான். வீட்டிலிருந்து அவனுக்குக் கொட்டாங்கச்சியில் மோர் ஊற்றுகிறார்கள்.

இரண்டு சால் தண்ணீர் போயிற்று. பிறகு மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க சாமி, பஸ்சு ஆகாசத்துல பறக்குதுங்க. நானு அப்பவும் வேலிக்கு வெளியதான் நிக்கறனுங்களா?”

அதில் குத்தல் இல்லை. பஸ்ஸில் ஆடு ஏற்றலாமா என்று கேட்ட அதே குரல். எனக்குத்தான் சுருக்கென்றது. முதலில் கோபம் வந்தது. “கதைடா அது, பேசாம ஓட்டு” என்றேன். ஆனால் அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். குழாயில் நெய் ஓட விட்டவனுக்கு அந்த ஆளை வேலியைத் தாண்டி உள்ளே கொண்டுவரத் தோன்றவில்லை. யோசித்து வேண்டாம் என்று விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தோன்றவே இல்லை.

மறுநாளே மாற்றி எழுதினேன். இப்போது அவர் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறார். எங்கள் நாற்காலியில் உட்காருகிறார். அம்மா பித்தளை டம்ளரில் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஒரு பக்கம் எழுதிவிட்டு ஊரையே திருத்திவிட்ட மாதிரி எனக்கு மப்பு ஏறியது.

அதைப் படித்தபோது அவர் மாடுகளைச் சரிவின் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்தவே கூடாது. நிறைந்த சால் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொருக்காப் படீங்க சாமி.”

படித்தேன்.

“நாற்காலிக்குக் கை இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“டம்ளருல என்னங்க?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. “உனக்கு என்ன வேணும்? மோரா, காப்பியா?”

“காப்பியே இருக்கட்டுங்க” என்றார். நான் பென்சிலை எடுத்து, அவர் பார்க்கும்படி, காப்பி என்று எழுதினேன்.

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியிருந்த சமயம் அது. சாயங்காலங்களில் ஆட்களுக்குப் பேச நேரம் நிறைய இருந்தது. அவர் தம் தெருவில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். “நாற்காலிக்காரரு வாரார், எந்திரிங்கப்பா” என்று கேலி கிளம்பி, காடு கரையெல்லாம் சுற்றி, பக்கத்துத் தோட்டக்காரர் காதுக்குப் போயிற்று. அந்தத் தோட்டக்காரர் வந்து அப்பாவிடம் கேட்டார்: “ஏனுங் மாமா, உங்க பண்ணையத்து ஆளு உங்க ஊட்டு நாற்காலில குந்திக் காப்பி குடிக்கறானாமே?”

அப்பா ஆளை வரச்சொன்னார். அவர் வந்து வேலிக்கு வெளியே நின்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் வீட்டுக்குள், அந்த நாற்காலியில்தான் இருந்தேன். எழுதிய காகிதம் முழுவதும் மடியில் இருந்தது. கதவு திறந்திருந்தது.

“ஏண்டா, எங்க ஊட்டு நாற்காலி கேக்குதா உனக்கு? யாருடா சொல்லிக் குடுத்தது?”

அவர் நிமிர்ந்தார். ஒரு கணம் கதவு வழியாக என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

“யாரும் சொல்லலீங்க பண்ணாடி. கனாக் கண்டனுங்க. வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டனுங்க.”

நான் எழுந்து வாசலுக்குப் போய், “கதை என்னுதுங்கப்பா” என்று சொன்னால் போதும். அப்பா என்னை அறைந்திருப்பார். காகிதத்தைப் பிடுங்கி எரித்திருப்பார். பண்ணையாளின் வேலை பிழைத்திருக்கும். இதெல்லாம் பின்னால் தோன்றியதில்லை, அப்போதே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மடியில் இருந்ததை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்தது அறைக்காக அல்ல. என் நாவலுக்காக. அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

“இன்னைக்குக் கனாவுல குந்துவே, நாளைக்கு நேருலயே வந்து குந்துவே. இனித் தோட்டத்துப் பக்கம் வராதே” என்றார் அப்பா. வருஷத்தின் நடுவில் துரத்தப்பட்ட ஆளைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சேர்க்க மாட்டார்கள். அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. எப்படி வருவார்?

அப்பா கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் நாற்காலி வரும் பக்கத்தை நானே கிழித்தேன். பழைய பக்கம் இருந்தது. அதைத் திரும்பச் சேர்த்தேன். வேலி, கும்பிடு, கொட்டாங்கச்சி எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. நாவல் மளமளவென்று வளர்ந்தது. கேட்க ஆள் இல்லாததால் வாக்கியங்கள் நீண்டன, பிறகு நானே வெட்டினேன். யுத்தம் தொடங்கிக் காகிதம் கிடைக்காத காலத்திலும் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதி முடித்தேன். ஒரு பெண்ணின் கல்யாணக் காட்சியை ஏழெட்டுத் தடவை திருத்தினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தொடவில்லை.

யுத்தம் முடியும் தறுவாயில், சென்னையில் ஒரு பதிப்பகம் நாவலை அனுப்பச் சொல்லி எழுதியது. சேலம் போய்த் தபாலில் சேர்க்க, சங்ககிரியில் பஸ்ஸுக்கு நின்றேன். பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் பஸ்கள் ஓடிய காலம். பஸ்ஸின் பின்னால் பெரிய உருளை அடுப்பு ஒன்று இருக்கும். ஓர் ஆள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதிக் கரியைப் பற்றவைக்க வேண்டும். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு வந்தார்.

“சாமி! நல்லா இருக்கறீங்களா?”

முகமெல்லாம் கரி. சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. அவர் பஸ்ஸைக் காட்டி, “பறக்கலீங்க சாமி. மேட்டுல எறங்கித் தள்ளோணும்” என்றார். பழைய சிரிப்பு. பிறகு என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தார்.

“இதுங்களா?”

“ஆமா. அச்சுக்குப் போகுது.”

துண்டை உதறி இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கட்டை வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“நானு இதுல குந்திட்டுத்தானுங்களே இருக்கறேன்?”

“ஆமா” என்றேன். “நாற்காலியிலதான்.”

“காப்பிங்க?”

“காப்பிதான்.”

“எம்பட மக பள்ளிக்கோடம் போறாளுங்க. புஸ்தகம் வரட்டுங்க, படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்” என்றார். கட்டை என் இருக்கையில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

சேலம் வரை அது என் மடியில் இருந்தது. திருத்த வேண்டியது ஒரு பக்கம்தான். லாட்ஜில் ஓர் அறை எடுத்து உட்கார்ந்தால் மாற்றிவிடலாம். எழுத வேண்டிய வாக்கியங்கள்கூட மனப்பாடம். ஆனால் அப்பா உயிரோடு இருந்தார். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபாலாபீசில் கட்டை அப்படியே நீட்டினேன்.

புத்தகம் வந்துவிட்டது. எதிர்காலத்தைக் கண்முன் நிறுத்துகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதன் பிறகு நான் சங்ககிரி பஸ்ஸில் ஏறுவதில்லை. சேலம் போக நாமக்கல் போய், ராசிபுரம் வழியாகச் சுற்றிப் போகிறேன். ஏன் இந்தச் சுற்று என்று கேட்பவர்களிடம் நெய் வாங்க என்று சொல்கிறேன்.

அவர் மகள் இந்நேரம் எழுத்துக் கூட்டாமலே படிப்பாள். என்றைக்காவது ஒரு நாள் அந்தப் புத்தகம் அவள் கையில் கிடைக்கும், அப்பனை உட்கார வைத்துப் படித்துக் காட்டுவாள். வேலி வரும்போது அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நாற்காலி பின்னால் வரும் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருப்பார்.